பெரிய கொக்கி இந்த ஊரில் இல்லை

ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். மறுநாள் காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து மணிவாக்கில் என் மனைவி வந்து, "என்னங்க, அது நல்லாத்தான் ஓடுது. நீங்க பார்க்கலேன்னாலும் ஓடும்" என்றாள்.

நான் நில அளவையாளன். முப்பத்தாறு வருஷம். குறுக்கும் நெடுக்குமாக நான் நடந்த தூரத்தை ஒரே கோடாகப் போட்டிருந்தால் நிலாவுக்குப் போய், அங்கே நாலு மனையை அளந்து கல் நட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். வேலியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்கும் அண்ணன் தம்பிகளிடம் நான் சொன்னது எப்போதும் ஒரே வாக்கியம்தான்: "அளக்காம பேசாதீங்க." அதைக் கேட்டால் அடிதடிக்கு வந்தவர்கள்கூட அடங்கிவிடுவார்கள். (ஒருவர் மட்டும் அடங்கவில்லை. அந்தத் தழும்பு என் முழங்கையில் இருக்கிறது. அவரை விட்டுவிடுவோம்.)

அப்படிப்பட்டவனை ஒரு அந்துப்பூச்சி மண்ணைக் கவ்வவைத்த கதை இது.

ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம் எங்கள் குளியலறைச் சுவரில் அது வந்து உட்கார்ந்தது. வெள்ளை டைல்ஸ், ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு. நடுவில் சாம்பலும் பழுப்புமாக ஒரு பூச்சி, காய்ந்த இலையை யாரோ இஸ்திரி போட்டு ஒட்டிவைத்தது மாதிரி. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அவள் வேறு ஊரில் இருக்கிறாள். அப்பாவுக்கு ஏதாவது வேலை கிடைக்காவிட்டால் அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று அவளுக்குப் பயம். "அப்பா, பூச்சிக்குன்னே ஒரு தளம் இருக்கு. அதுல படத்தைப் போடுங்க. என்ன பூச்சின்னு சொல்வாங்க" என்றாள்.

சொன்னார்கள். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

அந்தத் தளத்தின் நடைமுறை எளிது. யாரோ படம் போடுவார்கள். பார்க்கிறவர்கள் என்ன இனம் என்று சொல்வார்கள். மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் அது உறுதியாகிவிடும். நிறையச் சொல்பவர்களுக்கு ஒரு வரிசைப் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலைப் பார்த்த நிமிஷத்தில் எனக்கு முழங்கால் வலி போய்விட்டது.

மூன்று வருஷத்தில் பதினோராயிரம் படங்கள். அங்கே என் பெயர் "அளவுகோல்". பட்டியலில் முதலிடம். இரண்டாம் இடத்தில் "வண்டு" என்று ஒருவர், நாற்பது படம் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு. ஆணா பெண்ணா, கிழமா குமரா, ஒன்றும் தெரியாது. தெரியாமலே மனதார வெறுத்தேன்.

அந்துப்பூச்சியைப் படத்தில் பார்த்துப் பெயர் சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. மஞ்சள் விளக்கடியில் எடுத்தால் சாம்பல் பூச்சி பழுப்பாகிவிடும். வெள்ளை விளக்கடியில் பழுப்பு சாம்பலாகிவிடும். வயதான பூச்சி என்றால், துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை மாதிரி, சிறகில் இருந்த கோடெல்லாம் உதிர்ந்திருக்கும். இதற்கு மேல் ஜாடை வேறு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல இருக்கும், உறவே இருக்காது. உறவாக இருக்கும், துளி ஜாடை இருக்காது. படம் என்பது பூச்சி ஒரு நொடி நம் பக்கம் திரும்பியது, அவ்வளவுதான். அந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டு, நீ இன்னார் என்று சொல்லிவிடுகிறோம். யோசித்தால் துணிச்சல்தான். நான் அப்போது யோசிக்கவில்லை.

எங்கள் ஊரில் எல்லோரையும் குழப்பியது கொக்கி. முன்சிறகில் தூண்டில்முள் மாதிரி ஒரு கறுப்புக் கோடு. அதனால் அந்தப் பெயர். சின்னக் கொக்கி, பெரிய கொக்கி என்று இரண்டு இனம். நிறம் ஒன்று, கோடு ஒன்று, உட்காரும் தோரணையும் ஒன்று. வித்தியாசம் இரண்டே இரண்டு. பெரியதற்குப் பின்சிறகின் அடிப்பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு உண்டு. ஆனால் இரண்டும் சுவரில் சிறகை விரித்து ஒட்டிக்கொண்டுதான் உட்காரும். அடிப்பக்கத்தைப் படத்தில் பார்க்கவே முடியாது. மிச்சம் அளவு. சின்னது சிறகு விரிந்த நிலையில் மூன்று சென்டிமீட்டர். பெரியது நாலரை.

"படத்துல அளவு தெரியாதே" என்று மற்றவர்கள் கையை விரித்தார்கள். யாரிடம் சொல்கிறார்கள்? முப்பத்தாறு வருஷம் அளந்தவனிடம்!

கொக்கிப் படங்கள் அத்தனையும் ஒரே ஆள் போட்டவை. தளத்தில் பெயர் "படிக்கட்டு". வாரத்துக்கு மூன்று நாலு படம். எல்லாம் அதிகாலையில் ஒரே சுவரில் எடுத்தது. அந்தச் சுவரைப் பார்த்ததும் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. வெள்ளை டைல்ஸ், ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு. எங்கள் குளியலறைக்குப் போய் டேப் வைத்து அளந்தேன். பத்து சென்டிமீட்டர். சந்தேகத்துக்கு இடமில்லாமல் மூன்று முறை, மூன்று டைல்ஸில் அளந்தேன். மனைவி கதவைத் தட்டி, "உள்ள என்ன பண்றீங்க, வீட்டை விக்கப் போறீங்களா?" என்றாள். நான் முதலில் எடுத்த படத்தில் பூச்சி டைல்ஸ் அகலத்தில் பத்தில் மூன்று பங்கு இருந்தது. மூன்று சென்டிமீட்டர். சின்னக் கொக்கி. முடிந்தது கதை.

மிச்சத்தை அளக்காமலே, அறுபத்தொரு படங்களுக்கும் மொத்தமாகச் "சின்னக் கொக்கி" என்று எழுதினேன். என் பெயரைப் பார்த்ததும் இன்னும் இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் போட்டார்கள். எல்லாம் உறுதியாயின.

படிக்கட்டு ஒரு முறை எழுதினார்: "ஐயா, நேர்ல பார்க்கும்போது பெருசா தெரியுது. பெரிய கொக்கியா இருக்குமோ?"

நான் பதில் எழுதினேன். இப்போது அதை நினைத்தால் காது சூடாகிறது. "கண்ணுக்குத் தெரிவது வேறு, அளவு வேறு. அளக்காமல் பேசக்கூடாது. பெரிய கொக்கி இந்த ஊரில் இல்லை." அத்தோடு விட்டேனா? ஒரு சிரிக்கும் முகத்தையும் போட்டேன்.

அதற்குப் பிறகு படிக்கட்டிடமிருந்து படம் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். சீசன் முடிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிலவரம் என்னவென்றால், அப்போது எனக்கு வேறு குஷி. அருங்காட்சியகத்துப் பூச்சிப் பிரிவு டாக்டரம்மா இந்த ஊரின் அந்துப்பூச்சிப் பட்டியலை முதல் முறையாகப் புத்தகமாகப் போடுகிறார். முதல் பக்கத்தில், "படங்களைச் சரிபார்த்தவர்" என்று என் பெயர். ஒரே ஒரு பெயர்! அச்சுக்குப் போகும் முன்பே கீழ்வீட்டுத் தையல்காரரில் ஆரம்பித்துத் தபால்காரர் வரைக்கும் சொல்லிவிட்டேன். தபால்காரரை ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துச் சொன்னேன். அந்தப் புத்தகத்தின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: "பெரிய கொக்கி இந்த ஊரில் இல்லை." என் வாக்கியம். வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் எந்தத் திருத்தமும் கிடையாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை காலை மனைவியின் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுக்க மருத்துவமனைக்குப் போனோம். எக்ஸ்ரே மூன்றாவது மாடியில். லிப்ட் ஓடவில்லை.

"முட்டி மடங்கலேன்னு காட்டறதுக்கு மூணு மாடி ஏறணுமா? இதை எந்தப் புண்ணியவான் யோசிச்சான்?" என்றாள் மனைவி. ஒரு ஊழியர் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துச் சாமான் ஏற்றும் லிப்டில் தள்ளிக்கொண்டு போனார். "சாருக்கு இடம் இல்ல. சார் நல்லாத்தானே இருக்கீங்க, ஏறி வாங்க" என்றார்.

ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றேன். தலைக்கு மேல் ஒரு விளக்கு, பகலிலும் அணைக்காமல். எதிரே வெள்ளை டைல்ஸ், நீலக் கோடு. ஒரு மூலையில் விரிசல். அதன்மேல் யாரோ காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டியிருந்தார்கள்.

அந்தப் பிளாஸ்திரியை எனக்குத் தெரியும். அறுபத்தொரு முறை பார்த்திருக்கிறேன்.

படிக்கட்டு என்ற பெயர் ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. அங்கேயே ஒரு கொக்கி உட்கார்ந்திருந்தது, சிறகை விரித்துக்கொண்டு, என்னை எதிர்பார்த்திருந்த மாதிரி. சும்மா உள்ளங்கையை டைல்ஸ்மேல் வைத்தேன். எங்கள் குளியலறையில் என் கை ஒரு டைல்ஸை முழுசாக மூடிவிடும். இங்கே மூடவில்லை. இரண்டு பக்கமும் வெள்ளை தெரிந்தது.

பேண்ட் பையில் டேப் இருந்தது. முப்பத்தாறு வருஷப் பழக்கம், மூக்குக்கண்ணாடியை மறப்பேன், டேப்பை மறக்கமாட்டேன். வைத்து இழுத்தேன்.

பதினைந்து.

அதே கம்பெனி, அதே நீலக் கோடு, இரண்டு அளவில் விற்றிருக்கிறான். நான் என் வீட்டுச் சுவரை அளந்து, இன்னொருவர் சுவரில் இருந்த பூச்சிக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். பதினைந்தில் பத்தில் மூன்று பங்கு என்றால் நாலரை.

"என்ன சார், சுவத்தை அளக்கறீங்க? இடிக்கப் போறாங்களா?"

திரும்பினேன். ஐம்பது வயதுக்குப் பக்கமாக ஒரு அம்மா. தோளில் அழுக்குத் துணி மூட்டை, காதுக்குப் பின்னால் ஒரு பென்சில். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவர் என்று சட்டையில் எழுதியிருந்தது.

"இல்லம்மா. சும்மா."

"சும்மா அளங்க. ஆனா பூச்சியத் தொட்டுடாதீங்க, சிறகு தூள் உதிர்ந்துடும்."

எனக்குள் குறும்பு எட்டிப் பார்த்தது. இந்த வயதில் வேறென்ன இருக்கிறது. "இது என்ன பூச்சிம்மா?" என்றேன், பச்சைக் குழந்தை மாதிரி.

"பெரிய கொக்கி சார். ஆனா இந்த ஊர்ல இல்லையாம்."

"யாரு சொன்னா?"

"கம்ப்யூட்டர்ல ஒரு பெரிய மனுஷர் இருக்காரு. அவரு சொல்லிட்டாரு." மூட்டையைக் கீழே வைத்தார். "இதுங்ககிட்டதான் யாரும் சொல்லல. தினமும் வந்து உட்காருதுங்க."

"அவருக்கு விஷயம் தெரியாதோ?"

"சேச்சே, நல்லா தெரிஞ்சவரு. என்ன, தனக்குத் தெரியும்கறது அவருக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாவே தெரியும்."

"அதுக்காகப் படம் போடறதையே நிறுத்திட்டீங்களே?"

வாயை விட்டுவிட்டேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். கையில் இருந்த டேப்பைப் பார்த்தார். பூச்சியைப் பார்த்தார். மறுபடி டேப்பைப் பார்த்தார்.

"நான் நிறுத்தினது உங்களுக்கு எப்படி... ஐயையோ. அளவுகோல்!"

"டைல்ஸ் பதினஞ்சும்மா" என்றேன். "நான் பத்துன்னு நினைச்சிட்டேன்."

"இங்க வந்து அளந்திருக்கலாமே?"

நியாயமான கேள்வி. முப்பத்தாறு வருஷம் நான் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி.

என்னைத் துணி அறைக்குக் கூட்டிப்போனார். தரையிலிருந்து கூரை வரை மடித்த வெள்ளைப் போர்வைகள்; எங்கும் சூடான சோப்பு வாசனை. அலமாரியின் பின்னாலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்தார். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு குழி உள்ள டப்பா. அதில் ஐந்து கொக்கிகள், செத்தவை. "ஜன்னலோரம் விழுந்து கிடக்கும். குப்பைக்குப் போக வேணாம்னு எடுத்து வெச்சேன். சண்டை போடறதுக்கு இல்ல சார். சும்மா."

பஞ்சு எடுக்கிற இடுக்கியால் ஒவ்வொன்றையும் மெல்லப் புரட்டினேன். திங்கள்: பின்சிறகின் அடியில் கறுப்புப் பொட்டு. செவ்வாய்: பொட்டு. புதன்: பொட்டு. வியாழன்: பொட்டு. வெள்ளி: இல்லை.

இன்னொரு முறை பார்த்தேன். இல்லை. டேப்பை வைத்தேன். மூன்று சென்டிமீட்டர்.

"இது சின்னது" என்றேன்.

அந்த அம்மாவின் முகம் வாடியது. "அப்ப எல்லாமே பெருசுன்னு நான் நினைச்சதும் தப்பா?"

"நீங்க அஞ்சுல ஒண்ணு தப்பு. நான் அஞ்சுல நாலு."

அப்போதுதான் அவர் முதல் முறையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மேலே அடுக்கியிருந்த ஒரு போர்வை கீழே விழுந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை.

என் போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் பார்த்து, என் முட்டி எனக்கே அத்துப்படி ஆயிடுச்சு. எங்க இருக்கீங்க?"

"துணி அறையில."

"அங்க என்ன வேலை?"

"ஒரு அம்மாகூட பூச்சி பார்த்திட்டிருக்கேன்."

"அங்கேயே இருங்க. இந்தச் சக்கர நாற்காலிய உருட்டிக்கிட்டு நானே வரேன்."

வீட்டுக்கு வந்ததும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஆனால் திறக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று தோன்றியது. டைல்ஸை யார் அளக்கப் போகிறார்கள்? அந்தப் புத்தகத்தை வாங்கப் போவதே நாலு பேர். அதில் மூன்று பேர் டாக்டரம்மாவின் சொந்தக்காரர்கள். திருத்தினால் அறுபத்தொரு படம் போகும், முதலிடம் போகும், வண்டு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். தபால்காரரிடம் என்ன சொல்வது? அந்த அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை. டப்பாவை மூடி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு, "போயிட்டு வாங்க சார், அம்மா முட்டியப் பார்த்துக்குங்க" என்றார், அவ்வளவுதான். அதுதான் தாங்கவில்லை.

மனைவி காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு சொன்னாள்: "ஒரு தடவை கல்லைத் தள்ளி நட்டுட்டு வந்து, ராத்திரி முழுக்கத் தூங்காம புரண்டீங்களே. அப்புறம் என்ன பண்ணீங்க?"

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. தப்பாக நட்ட எல்லைக் கல்லை வேறு யாரும் தொடக்கூடாது. நட்டவனே போய், இரண்டு தரப்பும் நிற்கும்போது, தன் கையால் பிடுங்க வேண்டும். அந்தத் தடவை நான் மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய்ப் பிடுங்கினேன். இரண்டு தரப்பும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு தரப்பின் நாயும் பார்த்தது. அது மட்டும்தான் சிரிக்கவில்லை.

கணினியைத் திறந்தேன். மொத்தமாக மாற்ற முடியாது. மொத்தமாகச் சொன்னதுதானே இந்த வினைக்குக் காரணம். ஒவ்வொரு படமாக டைல்ஸின் அகலத்தை எடுத்து, பூச்சியின் அகலத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒவ்வொன்றின் கீழும் எழுதினேன்: "முன்பு தப்பாகச் சொன்னது நான். டைல்ஸ் பத்து அல்ல, பதினைந்து. இன்று நேரில் அளந்தேன்." முப்பத்தெட்டு பெரியது. ஒன்பது சின்னது. மிச்சம் பதினான்கு சாய்வாக எடுத்த படங்கள், அளவு பிடிபடவில்லை. தளத்தில் "உறுதியாகச் சொல்ல இயலாது" என்று ஒரு பொத்தான் உண்டு. மூன்று வருஷத்தில் அதை நான் தொட்டதே இல்லை. அதெல்லாம் சோம்பேறிகளுக்கு என்று நினைத்திருந்தேன். முதல் முறை அழுத்தும்போது பல் பிடுங்குகிற மாதிரி இருந்தது. பதினான்காவது முறை அழுத்தும்போது ஒரு மாதிரி சுகமாக இருந்தது. தெரியாது என்று சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டியிருக்கிறது. எது தெரியாது, எதனால் தெரியாது என்று. அதை ஒழுங்காகச் சொன்னால் அடுத்தவர் அங்கிருந்து நடக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டரம்மா போன் செய்தார்.

"பெரிய கொக்கிய நேத்து ஒரே நாள்ல ஊருக்குள்ள கொண்டாந்துட்டீங்களே சார்!"

"அது ஏற்கெனவே இங்கதாம்மா இருந்துச்சு. நான்தான் இல்லாம இருந்தேன்."

அவர் சிரித்தார். பிறகு தயங்கினார். "சார், ஒரு விதி இருக்கு. கடைசி வாரத்துல ஐம்பதுக்கு மேல தன்னோட பதிவையே மாத்தினவங்க சரிபார்த்தவரா கையெழுத்துப் போட முடியாது. இன்னொருத்தர் பார்த்துதான் ஆகணும்."

"தெரியும்மா" என்றேன். தெரியாது. ஆனால் எங்கள் துறையாக இருந்தாலும் அப்படித்தான் வைத்திருப்பேன். "வண்டுவைக் கேளுங்க. காத்துக்கிட்டு இருப்பாரு."

வண்டு மதியத்துக்குள் அறுபத்தொன்றையும் பார்த்து முடித்தார். அறுபதுக்கு ஆமாம் சொன்னார். ஒன்றை மட்டும் மாற்றி, "உறுதியாகச் சொல்ல இயலாது" என்று போட்டார். கொதித்துப் போய் அந்தப் படத்தைத் திறந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தேன். சிறகின் ஒரு நுனி நிழலில் மறைந்திருந்தது. அவர் சொன்னதுதான் சரி. இந்த அவமானத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டு மாதம் கழித்துப் புத்தகம் வந்தது. கொண்டுவந்த தபால்காரர் போகாமல் வாசலிலேயே நின்றார். கீழ்வீட்டுத் தையல்காரரும் கழுத்தில் டேப்போடு மேலே வந்துவிட்டார். மனைவி முதல் பக்கத்தைப் பார்த்தாள். "சரிபார்த்தவர்" என்ற இடத்தில் வண்டுவின் பெயர். அவர் ஒரு பல் டாக்டராம்.

"உங்க பேரு எங்க சார்?" என்றார் தையல்காரர்.

"நாப்பத்திரண்டாம் பக்கம்" என்றாள் மனைவி, எனக்கு முன்னால். அவளே புரட்டிச் சத்தமாகப் படித்தாள். பெரிய கொக்கி, மருத்துவமனைப் படிக்கட்டு, இரண்டாவது மாடி. அதற்குக் கீழே கண்டறிந்தவர் என்று அந்த அம்மாவின் முழுப் பெயர். அதற்கும் கீழே எறும்பு எழுத்தில் ஒரு வரி: "சுவர் டைல்ஸின் அளவு நேரில் அளந்து உறுதி செய்யப்பட்டது."

"யாரு அளந்தாங்கன்னு போடலையே?" என்றார் தபால்காரர்.

"வரைபடத்துல அளந்தவன் பேரு போடறதில்லைங்க" என்றேன். முப்பத்தாறு வருஷத்தில் எதிலும் போட்டதில்லை. அன்றைக்குத்தான் அது எனக்கு உறுத்தாமல் இருந்தது. கொஞ்சம் உறுத்தியது. சுண்டுவிரல் அளவு.

அன்று மாலை தளத்தைத் திறந்தால் படிக்கட்டிடமிருந்து ஒரு புதுப் படம். அதே சுவர், பிளாஸ்திரி, கொக்கி. பக்கத்தில் நோயாளிச் சட்டையின் பட்டன் ஒன்றைப் பிடித்துவைத்து எடுத்திருந்தார். "ஐயா, இது பெருசா சின்னதா? அளவுக்குப் பட்டன் வெச்சிருக்கேன்."

என் சட்டையில் ஒரு பட்டன் இருந்தது. பார்க்க அச்சு அசல் அதே பட்டன். அளக்கக் கை போனது. கையை இழுத்துக்கொண்டேன்.

"பட்டன் எத்தனை மில்லிமீட்டர்?" என்று எழுதினேன்.

உடனே பதில் வந்தது. "நீங்களே வந்து அளங்க ஐயா. லிப்ட் இன்னும் ஓடல."